அதிகம் பேர் அறியாத சூப்பர் ஹீரோ தொடருக்கு ரசிகராவது எப்படி?

சிறுவர்களுக்கான சூப்பர் ஹீரோ நாவல் ஒன்று எப்படியோ கையில் கிடைத்தது, ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டீர்கள். அடுத்த பாகம் வேண்டும். இணையத்தில் தேடினால் நாலு வரி விற்பனைக் குறிப்பும் மங்கலான ஓர் அட்டைப்படமும்தான் வருகின்றன. யாரிடம் சொன்னாலும் "அப்படி ஒரு தொடர் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய தொடர் என்றால் கதாபாத்திரப் பட்டியல், காலவரிசை, வரைபடம் எல்லாவற்றையும் யாராவது முன்பே செய்து வைத்திருப்பார்கள். சின்னத் தொடருக்கு அதெல்லாம் நாம் செய்தால்தான் உண்டு. ஐந்தாறு பேர் கவனமாகப் படித்து, குறித்துவைத்து, நாலு பேருக்குச் சொன்னால் அந்தத் தொடர் பிழைத்துக்கொள்ளும். யாரும் செய்யாவிட்டால் பத்து வருடத்தில் தடம் தெரியாமல் போய்விடும். நான் இதை வெறும் பொழுதுபோக்காக நினைக்காததற்கு அதுதான் காரணம்.

முதலில், எத்தனை பாகம் என்று உறுதி செய்யுங்கள்

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரே கதை ஒரு நாட்டில் ஒரு தலைப்பிலும் இன்னொரு நாட்டில் வேறு தலைப்பிலும் வெளிவந்திருக்கலாம். கெட்டி அட்டைப் பதிப்புக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, சாதா அட்டைப் பதிப்பில் அதை மாற்றியிருக்கலாம். பாதித் தொடரில் பதிப்பகம் அட்டை வடிவத்தையே மாற்றிவிட்டதால், நான்காம் பாகம் வேறு தொடர் போலத் தெரியலாம்.

புத்தகத்தின் தொடக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும் பதிப்புரிமைப் பக்கத்தைப் படியுங்கள். முதலில் எந்த ஆண்டு வெளிவந்தது, முன்பு வேறு தலைப்பில் வந்ததா என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அதே பக்கத்தில் 10 9 8 7 6 என்று இறங்கிக்கொண்டே போகும் எண் வரிசை ஒன்றையும் பல பதிப்பகங்கள் அச்சிடும். அதில் இருக்கும் மிகச் சிறிய எண்தான் அது எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்கிறது. 1 இருந்தால் முதல் அச்சு.

அடுத்தது ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தின் ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் அடையாள எண். 2006 முடியும்வரை அது பத்து இலக்கம், 2007 ஜனவரி முதல் பதின்மூன்று. பழைய பத்து இலக்க எண்ணுக்கு முன்னால் 978 சேர்ந்து, கடைசியில் உள்ள சோதனை இலக்கம் மட்டும் மாறும். எனவே ஒரே பதிப்பு இரண்டு எண்களோடு காணப்பட்டால் குழம்ப வேண்டாம். அதே நேரம் கெட்டி அட்டை, சாதா அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. தலைப்பை விட்டுவிட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எண் கிடைத்துவிட்டதா? சரி, உலகம் முழுவதும் உள்ள நூலகங்களின் பட்டியலை ஒன்றாகத் தேடித் தரும் வேர்ல்ட்கேட்டில் ஆசிரியர் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஐஎஸ்எஃப்டிபி என்ற அறிவியல் புனைவு, மாயப் புனைவுத் தரவுத்தளம் 1995 முதல் இணையத்தில் இருக்கிறது. ஆர்வலர்களே நடத்துவது. சூப்பர் ஹீரோ நாவல்களில் பலவும் அதில் பதிவாகியிருக்கின்றன. இந்த இரண்டிலும் கிடைப்பதைச் சேர்த்து ஒரு பட்டியல் போடுங்கள்: பாகம், ஆண்டு, பதிப்பகம், வேறு தலைப்புகள், எண். கைவசம் உள்ள கடைசிப் பாகத்தில் 'இதே ஆசிரியரின் பிற நூல்கள்' பக்கம் இருந்தால் அதனோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தொடர் பாதியில் நின்றுபோயிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் வில்லன் தப்பித்துப் போவான், நான்காம் பாகம் எழுதப்பட்டே இருக்காது. விற்பனை குறைந்தால் பதிப்பகங்கள் தொடரை நிறுத்திவிடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனாலும் படியுங்கள். முடியாத தொடர்களில்தான் பேசவும் ஊகிக்கவும் நிறைய இருக்கிறது.

படிக்கும் வரிசையில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு: வெளியான வரிசையிலேயே படியுங்கள். முன்கதையாகப் பின்னால் எழுதப்பட்ட பாகம் இருந்தால் அதை முதலில் எடுக்காதீர்கள். முகமூடிக்காரர் யார் என்ற ரகசியத்தை வாசகருக்கு ஏற்கெனவே தெரியும் என்று எண்ணித்தான் ஆசிரியர் முன்கதையை எழுதியிருப்பார்.

புத்தகத்தைத் தேடிப் பிடிப்பது

நூலகத்தில் தொடங்குங்கள். உங்கள் நூலகத்தில் இல்லாவிட்டாலும், வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கும்படி பரிந்துரைக்கும் படிவம் இருந்தால் நிரப்பிக் கொடுங்கள். இரவல் வாங்குவதால் ஆசிரியருக்கு என்ன லாபம் என்று சிலர் நினைக்கலாம். இரண்டு லாபம். நீண்ட நாள் யாரும் எடுக்காத புத்தகத்தை நூலகங்கள் கழித்துவிடும், நீங்கள் ஒருமுறை எடுத்தால் அது அலமாரியில் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும். மேலும் 30-க்கும் மேற்பட்ட நாடுகளில், நூலகங்களில் உள்ள நூல்களுக்காக ஆசிரியருக்குப் பணம் கொடுக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. டென்மார்க் 1946-லேயே இதைத் தொடங்கிவிட்டது.

வாங்குவதென்றால், அச்சில் இல்லாத தொடருக்குப் பழைய புத்தகம்தான் வழி. இணையத்தில் விற்பவர் போட்டிருக்கும் படம் அவர் கையில் உள்ள பிரதியின் படமா, பொதுவாக எடுத்துப் போட்டதா என்று கேட்டுவிடுங்கள். ஐஎஸ்பிஎன்னையும் கேளுங்கள். நூலகம் கழித்துப் போட்ட பிரதியாக இருந்தால் முத்திரையும் உறையும் இருக்கும், அழகு கொஞ்சம் குறையும், ஆனால் கட்டு பெரும்பாலும் உறுதியாக இருக்கும். படிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் தயங்காமல் வாங்கலாம். சிறுவர் புத்தகங்களில் ஒன்றை மட்டும் மறக்காமல் விசாரிக்க வேண்டும். பின்பக்கத்தில் வெட்டி எடுக்கும் அட்டைகள், ஒட்டுப்படங்கள், விரித்துப் பார்க்கும் வரைபடம் போன்றவை இருந்தால், அவை இன்னும் இருக்கின்றனவா? முதல் உரிமையாளர் எட்டு வயதுக் குழந்தை என்றால் இருக்க வாய்ப்புக் குறைவு.

ஒருமுறை ஆசிரியரின் சொந்தத் தளத்தையும் பார்த்துவிடுங்கள். புத்தகம் அச்சில் இல்லாமல் போனபின் உரிமை ஆசிரியரிடமே திரும்பி வருவதுண்டு. அப்படி வந்தபின் அவரே மின்னூலாக வெளியிட்டிருக்கலாம். அதை வாங்கினால் பணம் நேராக அவருக்குப் போகும். யாரோ ஸ்கேன் செய்து போட்ட திருட்டுப் பிரதியை எடுக்காதீர்கள். ஒரு சின்னத் தொடருக்கு நூறு பிரதி கூடுதலாக விற்பது பெரிய விஷயம்.

எப்படிப் படிப்பது

என் பார்வையில் இதுதான் ரசிகரின் முக்கியமான வேலை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சூப்பர் ஹீரோ என்றதும் படக்கதைதான் நினைவுக்கு வரும். ஆனால் உரைநடை வடிவமும் கிட்டத்தட்ட அதே அளவு பழையதுதான். சூப்பர்மேன் படக்கதையில் தோன்றியது 1938-ல். 1942-லேயே ஜார்ஜ் லோதர் அவனை வைத்து ஒரு நாவல் எழுதிவிட்டார், அதற்குப் படம் வரைந்தவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜோ ஷஸ்டர். ஆகவே "படமே இல்லாமல் சூப்பர் ஹீரோவா?" என்று யாராவது இளக்காரமாகக் கேட்டால் கூசிப்போக வேண்டாம்.

உரைநடையின் பலம் வேறு. படக்கதையில் ஒருவன் பறப்பதை ஓவியர் ஒரே கட்டத்தில் காட்டிவிடுவார். நாவலில் பறக்கும்போது அடிவயிறு என்ன செய்கிறது, காதில் காற்று எப்படி அடைக்கிறது, கீழே இறங்கியபின் முழங்கால் ஏன் நடுங்குகிறது என்று சொல்லித்தான் ஆசிரியர் நம்மை நம்பவைக்க முடியும். அந்த வரிகளைக் கவனியுங்கள். நல்ல தொடரில் சக்தியின் விதிகள் எல்லாம் அந்த உடல் உணர்வுகளுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

ஒரு குறிப்பேடு போடுங்கள். ஸ்ப்ரெட்ஷீட் பிடிக்கும் என்றால் அதுவும் சரி. ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் இவற்றை எழுதுங்கள்: என்ன சக்தி, எப்போது வந்தது, எது அதைத் தடுக்கும், பயன்படுத்தியபின் உடம்பு என்ன ஆகிறது, முதலில் எந்தப் பாகத்தில் எந்த அத்தியாயத்தில் வருகிறது. பக்க எண்ணை நம்பாதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு அது மாறும். அத்தியாய எண் பெரும்பாலும் மாறாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு சிறுமிக்குச் சுற்றியுள்ள சத்தத்தை அடக்கும் சக்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பாகத்தில் அவள் மூச்சைப் பிடித்திருக்கும்வரைதான் அது வேலை செய்யும். மூன்றாம் பாகத்தில் தம்பியிடம் பேசிக்கொண்டே ஒரு கூடம் முழுவதையும் அமைதியாக்கிவிடுகிறாள். ஆசிரியர் தன் விதியையே மறந்துவிட்டார் என்று சட்டென்று தோன்றும். ஆனால் குறிப்பேட்டைப் புரட்டினால், இரண்டாம் பாகத்தில் கதைக்குத் தொடர்பே இல்லாததுபோல ஒரு நீச்சல் வகுப்பு வந்தது தெரிகிறது. தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லித் தருகிறார்கள். பேசுவதும் மூச்சை விடுவதுதானே. அவளுடைய சக்தி வளர்ந்தது அந்த வகுப்பில்தான், ஆசிரியர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை. குறிப்பு எழுதாமல் படித்தவருக்கு அது கிடைக்காது.

எல்லா முரண்பாட்டுக்கும் இப்படி விடை கிடைக்காது. சிலது உண்மையிலேயே பிழையாக இருக்கும். அதையும் எழுதிவையுங்கள், மறைக்க வேண்டாம். 'பாகம் 2-ல் அண்ணன், பாகம் 4-ல் தம்பி' என்று ஒரு வரி போதும்.

இன்னொரு பட்டியலையும் கட்டாயம் போடச் சொல்வேன்: ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் ரகசியம் யாருக்கெல்லாம் தெரியும்? பெரியவர்களுக்கான சூப்பர் ஹீரோ கதையில் நகரம் அழியுமா என்பது பயம். சிறுவர் தொடரில் அதைவிடப் பெரிய பயம், அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்பது. கதையின் உண்மையான வேகம் அங்கேதான் இருக்கிறது. தோழிக்கு எப்போது தெரிந்தது, தாத்தா தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்தாரா, ஆசிரியை சந்தேகப்பட்ட இடம் எது என்று வரிசையாக எழுதிப் பாருங்கள், தொடரின் எலும்புக்கூடு கண்முன் வந்து நிற்கும்.

உடை விவரங்களையும் விட்டுவிடாதீர்கள். அட்டையில் நாயகன் நீல உடையில் இருப்பான், உள்ளே சாம்பல் நிறம் என்று எழுதியிருக்கும். மறுபதிப்பில் அட்டை ஓவியர் மாறியிருந்தால் உடையும் மாறியிருக்கும். எது சரி? எழுத்தில் உள்ளதுதான் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள், படம் வரைய வரும் ரசிகர்களுக்கு அந்த வரியை அப்படியே எடுத்துக் காட்டலாம்.

காணாமல் போன துணைச் சரக்குகள்

2000-களில் வந்த சிறுவர் தொடர்களில் பலவற்றுக்குப் பதிப்பகம் தனித் தளம் வைத்திருந்தது. விளையாட்டு, கதாபாத்திர அட்டை, போனஸ் அத்தியாயம் எல்லாம் அதில் இருக்கும். தொடர் நின்றதும் தளமும் போய்விடும். புத்தகத்தின் பின்னட்டையில் அந்த முகவரி இன்னும் அச்சில் இருக்கும். அதை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போட்டு, புத்தகம் வெளியான ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். பல நேரம் பழைய பக்கம் அப்படியே திறக்கும். விளையாட்டுகள் மட்டும் சண்டித்தனம் செய்யும், ஏனென்றால் அக்காலத்தில் அவை ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்யப்பட்டவை, அடோபி நிறுவனம் 2020 முடிவோடு ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ரஃபிள் என்ற இலவச மென்பொருள் அவற்றில் பலவற்றை ஓடவைக்கும்.

கண்டெடுத்ததை எல்லாம் தேதியோடு குறித்துவையுங்கள். போனஸ் அத்தியாயத்தில் மட்டும் வரும் தகவல் என்றால் அதைத் தனியாக அடையாளமிடுங்கள், நாவலை மட்டும் படித்தவருக்கு அது தெரிந்திருக்காது.

மற்ற ரசிகர்களைக் கண்டுபிடிப்பது

கூட்டம் இருக்காது, இருப்பவர்களும் தனித்தனியாகக் கிடப்பார்கள். தொடரின் பெயர் சாதாரணச் சொல்லாக இருந்தால் தேடலில் வேறு ஏதேதோ வரும். கதாபாத்திரங்களின் விசித்திரமான பெயர்கள், வில்லனின் கூட்டத்துக்கு வைத்த பெயர், கற்பனை நகரத்தின் பெயர் போன்றவற்றை வைத்துத் தேடுங்கள்.

ரசிகர் புனைவு, அதாவது தொடரின் கதாபாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதைகள், படிக்கவோ எழுதவோ ஆசை இருந்தால், 2009 முதல் இயங்கிவரும் ஏஓ3 (Archive of Our Own) என்ற இணையதளம் நல்ல இடம். லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று அதை நடத்துகிறது. 13 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது, எனவே பிள்ளைகளுக்கு அதைக் காட்டாதீர்கள். பெரியவர்களுக்கான கதைகளும் அங்கே இருக்கின்றன. உங்கள் தொடருக்கு அங்கே பெயரே இல்லாவிட்டால் நீங்களே தட்டச்சு செய்து முதல் கதையைப் போடலாம், தன்னார்வலர்கள் பின்னர் அதை ஒழுங்குபடுத்துவார்கள். யூல்டைட் என்று ஆண்டுதோறும் ஒரு கதைப் பரிமாற்றம் 2003 முதல் நடக்கிறது. அதிகம் எழுதப்படாத சின்னத் தொடர்களுக்கென்றே நடப்பது அது. ஒருவர் கேட்கும் கதையை முன்பின் தெரியாத இன்னொருவர் எழுதித் தருவார், டிசம்பர் 25 அன்று எல்லாக் கதைகளும் ஒன்றாகத் திறக்கும். உங்கள் தொடருக்கு உலகில் இன்னும் ஒரு ரசிகராவது இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள இதைவிட இனிய வழி எனக்குத் தெரியாது.

யாராவது அகப்பட்டால், எந்தப் பாகம்வரை படித்திருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். சின்னத் தொடரில் ஸ்பாய்லர் இன்னும் கொடியது, அடுத்த பாகம் கிடைக்கவே அவருக்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

அப்புறம், இவை சிறுவர்களுக்கான புத்தகங்கள். பேச வருபவர்களில் உண்மையான பத்து வயது வாசகர்களும் இருப்பார்கள். வளர்ந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும்: அவர்களிடம் பள்ளிப் பெயர், படம், முகவரி எதையும் கேட்கக் கூடாது, தனிச் செய்தியில் பேசக் கூடாது, அவர்களுடைய ஊகங்களை மட்டம்தட்டக் கூடாது. தொடர் முதலில் எழுதப்பட்டது அவர்களுக்காக.

ஆசிரியருக்கு எழுதுவது

எழுதுங்கள். புகழ்பெற்றவருக்கு ஆயிரம் கடிதம் வரும், உங்கள் ஆசிரியருக்கு அந்த மாதம் வரும் ஒரே கடிதம் உங்களுடையதாக இருக்கலாம். சொந்த முகவரியைத் துருவாமல் பதிப்பகம் வழியாகவோ அவருடைய தளத்தில் உள்ள படிவம் வழியாகவோ அனுப்புங்கள். பிடித்திருந்தது என்று மட்டும் எழுதாமல் எந்தக் காட்சி, ஏன் என்று எழுதுங்கள். ஒரு கேள்வி போதும், அதையும் பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். 'அடுத்த பாகம் எப்போது?' என்பது பெரும்பாலும் அவர் கையில் இல்லாத விஷயம், அவரை அது வருத்தவும் செய்யும். நீச்சல் வகுப்பை முன்பே திட்டமிட்டீர்களா என்று கேட்டால் மகிழ்ந்துபோவார்.

உங்கள் கதையையோ அடுத்த பாகத்துக்கான யோசனையையோ அனுப்பாதீர்கள். அதே யோசனை அவர் மனதில் ஏற்கெனவே இருந்தால் பின்னர் உரிமைச் சிக்கல் வரும் என்பதால் பல ஆசிரியர்கள் அவற்றைப் பிரிப்பதே இல்லை.

அவர் பதில் எழுதினால், அதைப் பொதுவில் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சரி என்றால் தேதியோடு உங்கள் குறிப்பேட்டில் சேருங்கள். கதைக்குள் இல்லாத தகவல் என்பதால் 'ஆசிரியர் சொன்னது' என்று தனித் தலைப்பின்கீழ் இருக்கட்டும்.

பிரதிகளைப் பாதுகாப்பது

வெயில் படும் அலமாரி வேண்டாம். சூப்பர் ஹீரோ அட்டைகளில் அதிகம் இருக்கும் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். மலிவான தாளில் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் மிச்சமிருப்பதால் அது பழுப்பாவதைத் தடுக்க முடியாது, ஆனால் வெளிச்சமும் ஈரமும் குறைந்தால் மெதுவாகும். பசை போட்டு ஒட்டிய புத்தகத்தை முழுவதும் மல்லாத்தி விரிக்காதீர்கள். கிழிந்தால் சாதாரண செல்லோடேப் ஒட்டக் கூடாது, சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளோடு சேர்ந்துவிடும். அரிய பாகம் என்றால் படிக்க ஒன்று, வைத்துக்கொள்ள ஒன்று என்று இரண்டு பிரதி வாங்கத் தோன்றும். தயவுசெய்து மூன்றாவதையும் நான்காவதையும் வாங்கிக் குவிக்காதீர்கள், இன்னொரு வாசகர் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்தவருக்குக் கொடுப்பது

இத்தகைய நாவல்கள் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்காரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தெரிந்த பிள்ளை யாராவது அந்த வயதில் இருந்தால் முதல் பாகத்தை மட்டும் கொடுங்கள். முழுத் தொடரையும் அடுக்கிக் கொடுத்தால் மலைத்துப்போவார்கள். சக்திகளைப் பற்றி விளக்க வேண்டாம், உங்கள் குறிப்பேட்டையும் காட்ட வேண்டாம். 'மூன்றாம் அத்தியாயம்வரை படி, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு' என்று மட்டும் சொல்லுங்கள். திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வேறொரு பிள்ளையிடம் கொடுங்கள். இரண்டாம் பாகத்தைக் கேட்டு வந்தால், இரவல் யாரிடம் போகிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கொடுங்கள், அச்சில் இல்லாத புத்தகத்துக்கு மாற்றுப் பிரதி கிடைப்பது கடினம்.